சேலை கட்டும் ஞாயிறு மட்டும் போதாது

கேள்வி:

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறிய ஊரில் குடும்பத்தோடு இருக்கிறேன். எங்கள் ஊர் மெதடிஸ்த சபைக்கு ஞாயிறு காலையில் நாற்பது பேர் வந்தால் அதிகம். பாதிப் பேர் வயதான ஆங்கிலேயர்கள். மற்றவர்கள் கானா, சிம்பாப்வே குடும்பங்கள், பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண்கள், அண்மையில் வந்து சேர்ந்த ஈரான் பையன்கள் மூன்று பேர், அப்புறம் தமிழர் ஐந்து குடும்பம். வருடத்தில் ஒரு நாள் 'சர்வதேச ஞாயிறு' வரும். சேலை கட்டிக்கொண்டு போவோம், ஒரு தமிழ்ப் பாட்டுப் பாடுவோம், ரோல்ஸும் வடையும் கொடுப்போம். எல்லோரும் பாராட்டுவார்கள். அடுத்த வாரம் எல்லாம் பழையபடிதான். கானா சகோதரர்கள் மேளம் கொண்டுவந்தபோது ஆர்கன் வாசிக்கும் அம்மையார் முகம் சுளித்தார். மேளம் இப்போது அலமாரிக்குள். என் அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார். மாதக் கடைசி ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நாங்கள் அதே ஆலயத்தில் தமிழில் கூடுகிறோம். அதையே தனிச் சபையாக்கிவிடலாம் என்கிறார்கள் என் கணவரும் இன்னும் இரண்டு குடும்பங்களும். இதற்கிடையில் என்னை ஸ்டூவர்டாக, அதாவது சபைக் காரியங்களைப் பொறுப்பாகக் கவனிப்பவராக, வரும்படி போதகர் கேட்டிருக்கிறார். என் ஆங்கிலத்துக்கு அது சரிவருமா? நாங்கள் போகவா, இருக்கவா?

— ஒரு வாசகி, இங்கிலாந்து

பதில்:

அன்புள்ள சகோதரி,

இருங்கள். ஸ்டூவர்ட் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மாலைத் தமிழ் ஆராதனையையும் விட வேண்டாம். தனிச் சபை யோசனையை மட்டும் ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லி உங்கள் கணவரிடம் கேளுங்கள். பல மொழி பேசுகிறவர்கள் சேர்ந்திருக்கும் சபைகளில் போதகராகவும், சபைக்குள் மனத்தாங்கல் வந்தால் இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசவைப்பவனாகவும் நெடுங்காலம் வேலை செய்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் அந்த சர்வதேச ஞாயிறு. அதில் தவறு ஒன்றும் இல்லை. கானாக்காரர்களின் ஜோலோஃப் சோறும் உங்கள் ரோல்ஸும் ஒரே மேசையில் இருந்தால் யாருக்குத்தான் சந்தோஷம் வராது? ஆனால் விருந்தாளியைத்தான் பாராட்டுவார்கள். வீட்டு ஆளிடம் வேலை சொல்வார்கள், பணக்கணக்குக் கேட்பார்கள், கோபித்தும் கொள்வார்கள். இத்தனை வருடம் கழித்தும் உங்களுக்குப் பாராட்டுத்தான் கிடைக்கிறது என்றால், உங்களை இன்னும் வீட்டு ஆளாக எண்ணவில்லை என்று அர்த்தம். உங்கள் மனதை அறுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கூட்டிக் குறைப்பதால் இது தீராது.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எருசலேமில் கிரேக்கு பேசியவர்களின் விதவைகள் அன்றாடப் பந்தியில் சரியாகக் கவனிக்கப்படவில்லை. முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் 'கிரேக்கர் ஞாயிறு' ஒன்றை வைக்கவில்லை. ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்டவர்களின் பக்கத்து ஆட்களிடமே பந்தியை ஒப்படைத்தார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். எபிரெயர்களின் விதவைகளும் அதே பந்தியில்தான் சாப்பிட்டார்கள். அவர்களுக்கும் பரிமாறும் பொறுப்பு இந்த ஏழு பேரிடம் போயிற்று. போதகர் உங்களிடம் ஸ்டூவர்டாக வரச் சொன்னதை நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

உங்கள் சபையில் பந்தி யார் கையில் என்று முதலில் பாருங்கள். சபைப் பேரவையில் எத்தனை பேர் ஆங்கிலேயர் அல்லாதவர்? ஆலயச் சாவி யார் யாரிடம் இருக்கிறது? சுகமில்லாதவர்களைப் பார்க்கப் போகிறவர்களின் பட்டியலில் யார்? ஆராதனைக்குப் பிறகு சமையலறையில் கோப்பை கழுவுவது யார்? நான் பார்த்த பல இடங்களில் பேரவை ஒரு நிறமாகவும் சமையலறை இன்னொரு நிறமாகவும் இருக்கும். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. தமிழ்ப் பெண்களும் சிம்பாப்வே பெண்களும் கேட்காமலே எழுந்து போய்க் கழுவுவார்கள், அதுவே வழக்கமாகிவிடும். கோப்பை கழுவுவதற்கும் முறைப்பட்டியல் போடுங்கள், அதில் ஆங்கிலேய ஆண்களின் பெயரும் வரட்டும். சிறிய விஷயம்தான், ஆனால் இரண்டு மாதத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஆராதனைப் பாட்டு விஷயத்தில், கோபத்தைத் தப்பான ஆளிடம் காட்டுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். பிரித்தானிய மெதடிஸ்த வழக்கத்தில் பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பவர் அந்த ஞாயிறு பிரசங்கம் செய்யப் போகிறவர். ஆர்கன் வாசிப்பவருக்கு அந்த வாரம்தான் பட்டியல் போகும். ஒரு போதகர் நான்கைந்து சபைகளைப் பார்த்துக்கொள்ளும் சர்க்யூட் என்ற சபைத் தொகுதியில், பெரும்பாலான ஞாயிறுகளில் வருவது உள்ளூர்ப் பிரசங்கிகள்தான். இன்று ஒருவர், அடுத்த வாரம் வேறொருவர். உங்கள் சபையில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே அவர்களில் பலருக்குத் தெரியாது. அதனால் பழக்கமான நான்கைந்து பாட்டைப் போட்டுவிட்டுப் போவார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பிரசங்கிகள் அட்டவணை உங்கள் கைக்கு வந்ததும், ஸ்டூவர்ட் என்ற முறையில் ஒவ்வொருவரையும் பத்து நாள் முன்னதாக அழையுங்கள். 'எங்கள் சபையில் இன்னின்னார் இருக்கிறார்கள், வேத வாசிப்பில் ஒன்றை ஃபார்சியில் வாசிக்கலாமா, மன்றாட்டு ஜெபத்தை கானாச் சகோதரி நடத்தலாமா' என்று கேளுங்கள். அநேகமாக எல்லோரும் சரி என்பார்கள். இதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை இரண்டு தடவை வாசித்தேன். மட்டக்களப்பில் பாடி வளர்ந்த ஒரு மெதடிஸ்தப் பெண், மெதடிஸ்த சபை பிறந்த நாட்டில் வந்து வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறார். இதைத் தீர்க்க அடுத்த ஞாயிறே தொடங்கலாம். பேரவைத் தீர்மானம் எதுவும் தேவையில்லை.

வேதபாடங்கள் பெரும்பாலும் பொது வாசிப்பு அட்டவணைப்படி வருகின்றன. எந்த ஞாயிறு எந்தப் பகுதி என்பது மாதக்கணக்கில் முன்னாலேயே தெரியும். சனிக்கிழமை இரவு அதை அம்மாவுடைய தமிழ் வேதாகமத்தில் எடுத்து, அவரையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மறுநாள் எந்த இடம் வாசிக்கப்படுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும், புத்தகம் மடியில் திறந்திருக்கும். பிரசங்கிக்குச் சம்மதமானால் பிரசங்கத்தின் சுருக்கத்தை முதல் நாளே வாங்கி, தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுக்கலாம். ஒன்று மட்டும் வேண்டாம்: பிரசங்கம் நடக்கும்போது பாட்டியின் காதில் மொழிபெயர்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். அந்தப் பிள்ளைக்கு ஆராதனை பரீட்சை மாதிரி ஆகிவிடும்; பதினாறு வயதானதும் வருவதை நிறுத்திவிடும்.

பாட்டு அதைவிட எளிது. நம் பாமாலைகளில் நிறையப் பாட்டுக்கு இவர்கள் பாடும் மெட்டுகள்தான். 'என்னோடிரும் மா நேச கர்த்தரே', 'பிளவுண்ட மலையே' இவற்றையெல்லாம் அம்மா மனப்பாடமாகப் பாடுவார். ஆர்கனில் அந்த மெட்டு வரும்போது ஆங்கிலேயர் ஆங்கிலத்தில் பாடட்டும், அம்மா தமிழில் பாடட்டும். அசை கணக்கு ஒன்றுதான், மெட்டு ஒன்றுதான், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. கானாக்காரர்களிடமும் சிம்பாப்வேக்காரர்களிடமும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் மொழியிலும் இதே மெட்டுகளுக்குப் பாட்டு இருக்கும். பாட்டு எண்களுக்குப் பக்கத்தில் தமிழ்ப் பாமாலை எண்ணையும் ஒரு தாளில் எழுதி அம்மா உட்காரும் இடத்தில் வையுங்கள். சத்தமாகப் பாடச் சொல்லுங்கள்.

நம்முடைய கீர்த்தனைகள் வேறு விஷயம். ராகமும் தாளமும் நம்முடையவை. ஆர்கனில் வாசித்தால் அதன் உயிர் போய்விடும். வருடத்துக்கு ஒருநாள் ஐந்து சரணத்தோடு முழுக் கீர்த்தனையை நீங்கள் மட்டும் நின்று பாடினால், மற்றவர்கள் கேட்டுக் கைதட்டுவதோடு சரி. அதற்குப் பதிலாக ஒரு பல்லவியை மட்டும், இரண்டே வரி, நான்கு ஞாயிறு தொடர்ந்து மன்றாட்டு ஜெபத்துக்கு நடுவில் சபை முழுவதையும் பாடவையுங்கள். சொற்களை ஆங்கில எழுத்தில் திரையில் போடுங்கள். முதல் வாரம் தடுமாறுவார்கள், மூன்றாம் வாரம் அவர்களே பாடுவார்கள். அப்புறம் இதேபோல் கானாக்காரர்களுக்கு ஒரு மாதம், ஈரான் பையன்களுக்கு ஒரு மாதம்.

கர்த்தருடைய ஜெபத்தை அவரவர் மொழியில் சொல்லும் வழக்கம் உங்கள் சபையில் இல்லையென்றால் உடனே தொடங்கச் சொல்லுங்கள். நான் பொறுப்பில் இருந்த ஒரு சபையில் இதை ஆரம்பித்தபோது ஆங்கிலேயர்கள் முதலில் முடித்துவிடுவார்கள். ஆமென் சொன்னதும் ஆர்கன் தொடங்கிவிடும். கானாவின் ஃபான்டி மொழியில் சொல்லிக்கொண்டிருந்த மூதாட்டி பாதியில் நிறுத்திக்கொள்வார். மொழி அனுமதிக்கப்பட்டது, நேரம் கொடுக்கப்படவில்லை. ஒருநாள் ஆராதனை முடிந்ததும் ஆர்கன் வாசித்தவரிடம் இதைச் சொன்னோம். அவர் கவனித்ததே இல்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தலையைத் திருப்பி, கடைசிக் குரல் ஓயும்வரை அந்த மூதாட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் ஆமென் சொன்ன பிறகுதான் விரல் கட்டையில் படும். பத்துப் பதினைந்து விநாடிதான் வித்தியாசம். அந்த மூதாட்டி அதற்குப் பிறகு பேரவைக் கூட்டத்துக்கும் வர ஆரம்பித்தார்.

உங்கள் ஆர்கன் அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன். அவர் முகம் சுளித்தது தவறு. ஆனால் அவர் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். மெதடிஸ்தப் பிரிவுகள் 1932இல் ஒன்றாக இணைந்தபோது பிரித்தானியாவில் உறுப்பினர்கள் எட்டு லட்சத்துக்கு மேல். 2016இல் அது 1,88,000 அளவுக்கு வந்துவிட்டது. அவர் சிறுமியாக இருந்தபோது அந்த ஆலயத்தில் உட்கார இடம் இருந்திருக்காது. அவருடைய பெற்றோர் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றிருப்பார்கள், அங்கிருந்துதான் அடக்கத்துக்குப் போயிருப்பார்கள். கூரை ஒழுகியபோது பணம் சேர்த்ததும், ஆட்கள் குறையக் குறைய ஆலயத்தை மூடவிடாமல் பிடித்து வைத்திருந்ததும் இவர்களைப் போன்றவர்கள்தான். நாம் வந்தபோது கதவு திறந்திருந்ததற்கு அவர்கள் காரணம். கடைசியாக மாறாமல் அவர் கையில் மிஞ்சியது அந்த ஆர்கன். மேளம் வந்ததும் அதுவும் போய்விடுமோ என்று பயந்திருப்பார்.

ஆகவே பேரவைக்கு எழுதும் முன் அவர் வீட்டுக்குப் போங்கள். கானாச் சகோதரர்களில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேளத்தைப் பற்றிப் பேச்சை எடுக்காமல், ஆலயத்தின் பழைய கதையைக் கேளுங்கள். சிறுவயதில் எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்று கேளுங்கள். அப்புறம், உங்கள் கதையையும் சொல்லுங்கள். 1814இல் வில்லியம் ஆல்ட் என்ற இளம் வெஸ்லியன் மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். ஒரு வருடம்கூட முடியுமுன் அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானார். மெதடிஸ்த மத்திய கல்லூரி அந்த 1814ஐத்தான் தன் தொடக்க வருடமாகச் சொல்கிறது. கானாவின் கேப் கோஸ்டில் ஜோசப் டன்வெல் வந்து இறங்கியது 1835 ஜனவரி 1. சிம்பாப்வேயில் வெஸ்லியன் ஊழியம் தொடங்கியது 1891. இங்கிலாந்தில் உள்ள பல ஆலயங்களின் அடிக்கல்லைவிட உங்கள் ஊர் மெதடிஸ்த சபை பழையது. நீங்கள் வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அல்ல என்பது வயதான பல ஆங்கிலேய உறுப்பினர்களுக்கு உண்மையிலேயே தெரியாது. மிஷன் உண்டியலில் சிறுவயதில் காசு போட்டது மட்டும் நினைவிருக்கும். அந்தக் காசு எங்கே போனது என்று இப்போது உங்களைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை ஒன்றும் அவரிடம் சொல்லலாம். 1736 ஜனவரி 25, அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குப் போகும் கப்பலில் புயல். பெரிய பாய் கிழிந்தது, கடல் தளத்துக்குமேல் பாய்ந்தது, ஆங்கிலேயப் பயணிகள் அலறினார்கள். மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர்கள் தங்கள் மொழியில் சங்கீதம் பாடிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாட்டு வெஸ்லியை விடவில்லை. கப்பல் ஏறியதுமே அவர்களோடு பேசுவதற்காக ஜெர்மன் கற்கத் தொடங்கியிருந்தார்; பிறகு ஜெர்மன் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அடுத்த வருடம் ஜார்ஜியாவின் சவன்னாவில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆங்கிலத்திலும் இத்தாலியத்திலும் பிரெஞ்சிலும் ஜெபம் நடத்தினார். மெதடிஸ்த இயக்கத்தின் வித்துகளில் ஒன்று பிற மொழிக்காரர்களின் பாட்டைக் கேட்டதில் விழுந்தது. ஆர்கன் அம்மையாருக்கு இது தெரிந்தே இருக்கலாம். தெரிந்திருந்தால் அவரே உங்களுக்கு மிச்சக் கதையைச் சொல்வார்.

மேளத்தைப் பொறுத்தவரை, ஆராதனை முழுவதும் மேளம் என்பதும் வேண்டாம், மேளமே இல்லை என்பதும் வேண்டாம். காணிக்கை நேரத்தை கானா, சிம்பாப்வே சகோதரர்களிடம் விடுங்கள். பையைக் கைமாற்றிக் கொடுப்பதற்குப் பதிலாக, மேளத்தோடு பாடிக்கொண்டு முன்னால் வந்து போடுவது அவர்கள் வழக்கம். முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்திருக்கட்டும், பை அவர்களிடம் போகட்டும். அதேபோல் ஆங்கிலேயர்களுக்கு மௌனம் பெரிய விஷயம். நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கான நினைவு ஞாயிறு அன்று இரண்டு நிமிடம் அவர்கள் நிற்கும் நிலையைப் பாருங்கள். அது வெறுமை அல்ல, அதுவும் ஜெபம்தான். பாவ அறிக்கைக்குப் பிறகு ஒரு நிமிடம் முழு அமைதி வேண்டும் என்று அவர்கள் கேட்டால், அந்த நிமிடத்தில் நாமும் 'ஸ்தோத்திரம்' சொல்லாமல் இருக்கப் பழக வேண்டும். கொடுப்பது ஒரு பக்கமாக மட்டும் இருந்தால் நிற்காது.

நாம் அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கக்கூடிய ஒன்று இருக்கிறது: டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை. கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் 1740களில் தொடங்கி வைத்த மெதடிஸ்த வழக்கம் அது. சாராயக் கடையில் கழித்த இரவுகளை ஜெபத்தில் கழிக்க ஆரம்பித்தார்கள். இங்கிலாந்தில் பெரும்பாலான இடங்களில் அது மறைந்துபோயிற்று. நம் ஊரிலும் ஆப்பிரிக்கச் சபைகளிலும் அதுதான் வருடத்தின் பெரிய இரவு. உங்கள் ஆலயத்தில் இந்த வருடம் அதைத் தமிழரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து பொறுப்பேற்று நடத்துங்கள். இரவு விழித்திருக்க முடியாதவர்களுக்கு, வாக்குத்தத்த அட்டையை மறுநாள் வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். புத்தாண்டின் முதல் ஞாயிறு, தேவனோடு செய்த உடன்படிக்கையைப் புதுப்பிக்கும் உடன்படிக்கை ஆராதனை வரும். வெஸ்லி அதை முதன்முதலில் நடத்தியது 1755 ஆகஸ்ட் 11ஆம் தேதி, லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் இருந்த பிரெஞ்சு ஆலயத்தில். மத நெருக்கடிக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து ஓடிவந்தவர்களின் சமூகம் குடியேறிய பகுதி அது. இலங்கை மெதடிஸ்த சபையிலும் இந்த ஆராதனை உண்டு என்பதால் அம்மாவுக்கு அதன் ஒழுங்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு உடன்படிக்கை ஜெபத்தின் தமிழ்ப் பிரதி அவர் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈரான் பையன்களைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குச் சபைதான் இந்த நாட்டில் முதல் வீடாக இருக்கக்கூடும். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் கடிதத்துக்காகக் காத்திருப்பது எப்படி என்று அந்த ஆலயத்தில் யாருக்காவது தெரியுமென்றால் அது உங்களைப் போன்ற இலங்கைத் தமிழருக்குத்தான். பெந்தெகொஸ்தே ஞாயிறு அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தை அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் முதலில் வரும் பார்த்தரும் மேதரும் ஏலாமீத்தரும் இன்றைய ஈரான் நிலப்பரப்பைச் சேர்ந்தவர்கள். கேட்பவர்களுக்கு அது வேறு மாதிரிப் போய்ச் சேரும்.

பராமரிப்பு இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் இரவு வேலை முடிந்து, சீருடையோடு, கடைசிப் பாட்டுக்கு வந்து சேர்வார்கள். கொரிந்து சபையிலும் இதே பிரச்சினைதான்: நேரம் இருந்தவர்கள் முன்னதாகச் சாப்பிட்டு முடித்தார்கள், பிந்தி வந்தவர்கள் பசியோடு நின்றார்கள். 'ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்' என்று பவுல் எழுதினார். மாதத்தில் ஒரு ஞாயிறாவது ஆராதனைக்குப் பிறகு தேநீரும் பிஸ்கட்டும் என்பதை விட்டு, சோறாக வையுங்கள். பிந்தி வருகிறவர்களுக்கும் எடுத்து வையுங்கள். நற்கருணை ஞாயிறாக இருந்தால், வேலையிலிருந்து தாமதமாக வந்தவர்களுக்குப் பிறகு தனியே கொடுக்க முடியுமா என்று போதகரிடம் கேளுங்கள். தயக்கமில்லாமல் செய்வார்கள்.

இப்போது தனிச் சபை விஷயம். உங்கள் கணவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சொந்த மொழியில் அழுது ஜெபிப்பதற்கு ஈடு கிடையாது. அதனால்தான் மாலை ஆராதனையை விட வேண்டாம் என்றேன். பிரித்தானிய மெதடிஸ்த சபைக்குள்ளேயே கானாக்காரர்களுக்கும் சிம்பாப்வேக்காரர்களுக்கும் மொழிவாரி ஐக்கியங்கள் இருக்கின்றன. தமிழ்க் கூடுகை சபைக்கு எதிரானது அல்ல. ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அதைப் பற்றிப் பேரவையில் ஒவ்வொரு தடவையும் இரண்டு வரி அறிக்கை கொடுங்கள், எத்தனை பேர் வந்தார்கள், யாருக்காக ஜெபித்தோம் என்று. ஆலயத்தின் ஞாயிறு அறிவிப்புத் தாளில் நேரமும் இடமும் வரட்டும். வாடகைக்கு மண்டபம் எடுத்தவர்கள் மாதிரி வந்து போகாதீர்கள். ஆர்கன் அம்மையாரையும் ஒரு மாலை அழையுங்கள், அம்மாவுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். மொழி புரியாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பது எப்படி என்று அவருக்கும் தெரியட்டும். பழிக்குப் பழியாக அல்ல. அம்மாவின் பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் எவ்வளவு ஆறுதல் என்பது அவருக்குப் புரிவதற்காக.

தனிச் சபையாகப் பிரிந்தால் என்னென்ன வரும் என்று கணவரோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். மண்டப வாடகை, காப்புறுதி, பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்குப் பின்னணிச் சோதனை, ஆண்டு வருமானம் 5,000 பவுண்டுக்கு மேல் போனால் அறநிலையமாகப் பதிவு. ஐந்து குடும்பத்தில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டால் பாதிச் சபை போய்விடும். தமிழ் மட்டும் பேசுகிற சபை என்றால் பிரிவினை இருக்காது என்றும் நினைக்காதீர்கள். 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் சபைகளே உடைந்தன. ஒரே மொழி, ஒரே பாட்டு, ஒரே வேதாகமம். பக்கத்தில் உட்கார மட்டும் முடியவில்லை. அந்தப் பேச்சு நம்மிடையே இன்னும் முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எந்த ஊர், எந்தப் பகுதி என்ற கேள்வி கேட்காத ஒரு இடத்தில் உங்கள் பிள்ளைகள் வளர்வது சின்னப் பாக்கியம் அல்ல.

ஸ்டூவர்ட் பொறுப்புக்கு உங்கள் ஆங்கிலம் போதும். வாசலில் வரவேற்பது, பிரசங்கி வந்ததும் அவரைக் கவனிப்பது, நற்கருணைக்கு ஆயத்தம் செய்வது, அறிவிப்பு வாசிப்பது. அறிவிப்பை முந்தைய நாளே எழுதி வைத்து நிதானமாக வாசியுங்கள். வயதானவர்களுக்கு நிதானம்தான் பிடிக்கும். ஆராதனைக்கு முன், பிரசங்கி ஆயத்தமாகும் வெஸ்ட்ரி அறையில் ஸ்டூவர்ட் பிரசங்கிக்காக ஜெபிப்பது வழக்கம். அதைத் தமிழில் செய்யுங்கள். அவருக்காகத்தான் ஜெபிக்கிறீர்கள் என்பது பிரசங்கிக்குத் தெரியும், ஜெபத்தைக் கேட்கிற ஆண்டவருக்கும் தெரியும். ஒவ்வொரு வருடமும் சபைக் கூட்டத்தில் நியமனம் நடக்கும், வழக்கமாக ஆறு வருடத்துக்கு மேல் தொடர்ந்து இருக்க முடியாது. ஆயுள் தண்டனை ஒன்றும் இல்லை. கென்யாவில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த இந்தர்ஜித் போகல் 2000இல் மெதடிஸ்த மாநாட்டுத் தலைவரானார். 2021இல் சோனியா ஹிக்ஸ் அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண். மேலே கதவு திறந்திருக்கிறது. உங்கள் ஊரில் திறக்க வேண்டியது பேரவை அறைக் கதவு.

ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் தனியாக வேண்டாம். கானா அல்லது சிம்பாப்வே குடும்பத்திலிருந்து இன்னொருவரும் அதே கூட்டத்தில் நியமிக்கப்பட வேண்டும் என்று போதகரிடம் கேளுங்கள். வெள்ளையர் அல்லாத ஒரே முகமாக ஒரு குழுவில் உட்கார்ந்தால், எல்லா நாட்டுக்கும் நீங்களே பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். களைத்துப் போவீர்கள்.

கணவரிடம் இதைச் சொல்லுங்கள்: ஒரு வருடம். இந்த ஒரு வருடத்தில் ஆராதனை ஒழுங்கைப் பற்றிப் பேரவையில் இரண்டு தடவை எழுத்தில் கேட்போம். இரண்டு தடவையும் தட்டிக் கழித்தால் சர்க்யூட்டின் தலைமைப் போதகரான சூப்பரின்டென்டென்டுக்கு எழுதுவோம். அதற்கும் பலன் இல்லையென்றால் நீங்கள் சொல்வதுபோல் வேறு இடம் பார்ப்போம். அப்போதும் சொல்லாமல் கொள்ளாமல் போகாமல், விடைபெற்று, உறுப்பினர் மாற்றுக் கடிதம் வாங்கிக்கொண்டு போவோம். இதை அவர் ஒப்புக்கொள்வார் என்று நம்புகிறேன். கோபம் இருக்கிற அளவுக்கு அவருக்குச் சபைமேல் பாசமும் இருக்கிறது; இல்லாதவர் பேசாமல் வீட்டில் இருந்திருப்பார்.

அடுத்த பேரவைக் கூட்டம் எப்போது என்று போதகரிடம் கேட்டு, காணிக்கை நேரத்து மேளத்தையும் கோப்பை கழுவும் பட்டியலையும் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்கு முந்தைய வாரம் ஆர்கன் அம்மையார் வீட்டுக்குப் போய் வந்துவிடுங்கள். என்ன நடந்தது என்று எழுதுங்கள். அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள்.